யார் பிள்ளை இது?

தி.நகர் ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்களுக்கு ஒரு மேட்சிங் சென்டர் இருக்கிறது. சேலையைக் கொண்டுவந்து காட்டினால் அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி, ஃபால்ஸ், லைனிங் எல்லாம் எடுத்துக் கொடுப்போம். பத்துக்குப் பன்னிரண்டு கடைக்குள் பச்சையிலேயே நாற்பத்திரண்டு பச்சை வைத்திருக்கிறேன். என் பெயர் தங்கபுஷ்பம். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி, கைப்பிள்ளையோடு இங்கே வந்து முப்பது வருடம் ஆகிறது. இரண்டு துணியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சேருமா சேராதா என்று விளக்குப் போடாமலே சொல்லிவிடுவேன். இந்தக் கண்ணை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு நடக்கிறது. இதே கண்ணை நம்பித்தான் போன வருடம் ஆடி மாதம் ஒருத்தியை அடித்துக் கொல்லக் கொடுக்கப் பார்த்தேன்.

அவள் பெயர் ஜெயபாரதி. இது அவளுடைய கதை. பாதிக்கு மேல் அவளே பிற்பாடு எனக்குச் சொன்னது. என் பங்கு வரும் இடத்தில் நானே முன்னால் வந்து நிற்பேன், தூணுக்குப் பின்னால் ஒளிய மாட்டேன்.

ஜெயபாரதி பிறந்தது தில்லியில். அவளுடைய அப்பாவும் அம்மாவும் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குப் போனவர்கள். ரயில் பாதைக்கும் ஒரு பெரிய சாக்கடைக்கும் நடுவில் நம் ஆட்களே இருநூறு முந்நூறு குடும்பம் குடிசை போட்டிருந்தார்களாம். அங்கே மாரியம்மன் கோயில் உண்டு, ஆடியில் கூழ் உண்டு, குழாயடிச் சண்டைகூடத் தமிழில்தான். பள்ளிக்கூடம் மட்டும் இந்தி. அதனால் அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. அந்த ஊர்க்காரர்கள் அவளை மதராசி என்பார்கள். மதராசைக் கண்ணால் பார்க்காமலே இருபத்தொன்பது வயது வரை மதராசியாக இருந்தாள்.

கல்யாணம் அவளாகத் தேடிக்கொண்டது. கான்பூர்க்காரன், டெம்போ ஓட்டுகிறவன். பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது வேறொருத்தியோடு போய்விட்டான். அவனைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரி எழுத மாட்டேன். பிள்ளை பூஜா நிறத்திலும் முகத்திலும் அவனைக் கொண்டிருந்தாள். அவன் இருந்தவரை வீட்டில் இந்திதான் ஓடியது, அவன் போன பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. வீட்டுக்குள் ஜெயபாரதியிடம் தமிழில் பேச அப்போது யாரும் மிச்சம் இல்லை, தெருவில் பிள்ளைகளும் பள்ளிக்கூட இந்தியிலேயே விளையாடினார்கள். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

போன வருடம் கோடையில் அந்தக் குடியிருப்பை இடித்தார்கள். பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே எங்கேயோ வீடு கிடைத்தது. ஜெயபாரதியின் பெயர் பட்டியலில் இல்லை. புல்டோசர் வந்த அன்று ஏழு வயதுப் பூஜாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போனாள். சைதாப்பேட்டையில் சித்தி முனியம்மாள் இருக்கிறாள் என்பது ஒன்றுதான் அவள் கையில் இருந்த பிடிமானம். இரண்டு ராத்திரி ரயில் பயணம். நம்ம ஊருக்குத்தானே போகிறோம், நம்ம ஊருக்குத்தானே போகிறோம் என்று வழி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாளாம். சென்ட்ரல் ஸ்டேஷன் போர்டில் இந்தி இருந்தது. வெளியே வந்து பஸ்ஸின் நெற்றியைப் பார்த்தபோதுதான் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. அங்கேயே பெட்டியின் மேல் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள்.

முனியம்மாளுக்குச் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் வேலை. ஆற்றோரம் ஒரே அறை வீடு. அந்த வரிசையிலும் பாதி வீடுகளை ஏற்கெனவே காலி செய்து ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறார்கள். அக்காள் மகளைப் பார்த்து அழுது கட்டிப்பிடித்த கிழவி, பூஜா வாயைத் திறந்ததும் கதவைச் சாத்தினாளாம்.

"இன்னாடி இது, புள்ள இந்தி பேசிக்கினு கீது?"

"அவளுக்கு அதான் வரும் சித்தி."

"அடியே, வெளிய கிளிய பேச வுட்டுறாத. வாட்சப்புல இன்னா வந்துகினு கீதுன்னு தெரியுமா ஒனக்கு? வடக்கத்தி பொம்பளைங்க புள்ள புடிக்க வந்துகிறாளுங்களாம். போன வாரம் பாலத்தாண்ட ஒரு பிச்சக்காரிய கம்பத்துல கட்டிவச்சு ஒதச்சானுங்க. அப்பால பாத்தா அவ ஆந்திராக்காரி, பாவம். அடிச்சவனுக்கு இன்னா, அடிச்சிட்டுப் பூட்டான்."

அந்த நிமிடத்திலிருந்து ஜெயபாரதியைப் பயம் பிடித்துக்கொண்டது. தில்லியில் இருந்தவரை அவளுக்கு வீடு போய்விடுமே என்ற பயம். இங்கே பிள்ளை போய்விடுமே என்ற பயம். அன்றே பூஜாவை மடியில் உட்காரவைத்துச் சட்டம் போட்டாள். கதவு சாத்தியிருந்தால் பேசலாம், அதுவும் காதோடு காதாக. கதவைத் தாண்டினால் வாயைத் திறக்கக் கூடாது. யார் கேட்டாலும், எந்தப் பாஷையில் கேட்டாலும், விழுந்து அடிபட்டாலும் கூடாது. திறந்தால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பிள்ளை முதலில் இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு சிரிக்கும். ஒரு வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. தெருப்பிள்ளைகளோடு போய் நிற்கும், ஓடும், பிடிக்கும், சத்தம் மட்டும் வராது. ஏன் பேசவில்லை என்று அக்கம்பக்கத்தில் கேட்டபோது ஜெயபாரதி சட்டென்று, "அவளுக்குப் பேச்சு வராதுங்க" என்று சொல்லிவைத்தாள். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள், அதற்கு மேல் ஒருவரும் துருவவில்லை. இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று போகுமிடமெல்லாம் அதையே சொல்ல ஆரம்பித்தாள். பஸ்ஸில், ரேஷன் கடையில், டாக்டரிடம் எங்கேயும் அதே பேச்சுதான்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டில் சப்பாத்தி போடும் வேலை கிடைத்தது. அங்கே கணவன் மனைவி இருவரும் பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவர்கள். அந்த மேடம் பூனாவில் வளர்ந்தவள், ஜெயபாரதியோடு ஆசையாக இந்தியில் பேசுவாள். ஜெயபாரதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாளாம். பூஜாவைப் பள்ளியில் சேர்க்கத் தில்லியிலிருந்து டி.சி. வரவேண்டும். அதுவரை பிள்ளையைக் கூடவே கூட்டிக்கொண்டு போனாள், சமையலறை மூலையில் உட்காரவைத்தாள், கையைப் பிடித்தபடி திரும்பக் கூட்டிவந்தாள். பிள்ளையின் கையை விட்டால் மூச்சு முட்டும் என்று என்னிடம் சொன்னாள். ஆறு வாரம் இப்படியே ஓடியது.

ஆடித் தள்ளுபடியில் ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. இங்கேதான் நான் வருகிறேன்.

அன்று காலையில் எனக்கும் அந்த வீடியோ வந்திருந்தது. யாரோ ஒரு பெண்ணைச் சுற்றிக் கூட்டம், அழும் குழந்தை, கீழே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. எந்த ஊர், எந்த வருடம் என்று ஒரு விவரமும் கிடையாது. பல் தேய்ப்பதற்கு முன்பே அதை மூன்று குரூப்புக்கு அனுப்பிவிட்டேன். இதெல்லாம் வதந்தி என்று போலீஸ் சொன்னதும் ஒரு குரூப்பில் வந்தது. அதை நான் யாருக்கும் அனுப்பவில்லை.

கடையில் நிற்க இடம் இல்லை. ஜெயபாரதி கூட்டத்துக்குள் நுழைந்து ஒரு பட்டுச் சேலையை எடுத்து மேஜைமேல் விரித்தாள். மயில்கழுத்து நிறம், கைக்கு இதமான கனம், அசல் காஞ்சிபுரம். ஆழ்வார்பேட்டை மேடம் ரவிக்கைத் துணி எடுத்துவரச் சொல்லி அனுப்பியது. எனக்கு அது தெரியாதே. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவு: அவள் கட்டியிருந்தது சாயம் போன பூனம் சேலை, கையில் இருப்பது பட்டு. அவள் கறுப்பு, அவள் கையைப் பிடித்து நிற்கும் பிள்ளை கோதுமை நிறம். சேரவில்லை என்று என் கண் சொன்னது. ஆனாலும் வியாபாரம் அல்லவா, துணியை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது ஒரு அம்மாள் பின்னால் நகர்ந்து தன் குதிகால் செருப்பைப் பிள்ளையின் கால்விரல்மேல் வைத்துவிட்டாள். வலியில் பிள்ளைக்குச் சட்டம் மறந்துவிட்டது.

"மம்மீ! முஜே கர் ஜானா ஹை!"

இருபத்தைந்து வருடம் சூரத் ஏஜெண்டுகளோடு வியாபாரம் பேசியவள் நான். வீட்டுக்குப் போகணும் என்று அந்தப் பிள்ளை அழுதது எனக்குப் புரிந்தது. புரிந்த அதே நொடியில் ஜெயபாரதி தன் உள்ளங்கையால் பிள்ளையின் வாயை இறுகப் பொத்தினாள்.

நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்களோ. நான் துணியைக் கீழே போட்டேன்.

"ஏம்மா, நில்லு. யார் பிள்ள இது?"

"எம்புள்ளதான் அக்கா."

"எதுக்கு அது வாயப் பொத்துத?"

ஆறு வாரமாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறியிருந்த பொய் தானாக வெளியே வந்தது. "அவளுக்குப் பேச்சு வராதுங்க அக்கா."

கடையில் பதினைந்து பேர் இருந்தோம். பதினைந்து பேரும் அந்தப் பிள்ளை பேசியதைக் கேட்டிருந்தோம்.

நான் மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து பிள்ளையின் முன் குனிந்தேன். எனக்குத் தெரிந்த சூரத் இந்தியில், முடிந்த மட்டும் அன்பாக, இவங்க உன் மம்மியா என்று கேட்டேன். பூஜா என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். திரும்பக் கேட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாய் திறக்கவில்லை. ஜெயபாரதிக்கு அப்போதுதான் தான் செய்துவைத்திருப்பது புரிந்ததாம். "சொல்லு பூஜா, சொல்லு" என்று தமிழில் கெஞ்சினாள். இந்தியில் சொன்னால்தான் பிள்ளைக்குப் புரியும் என்று அவள் நினைத்தாள், இந்தியில் சொல்லவோ பயம்.

அதற்குள் சந்து நிறைந்துவிட்டது. ஆதார் கார்டைக் காட்டு என்றார்கள், காட்டினாள். பாதி இந்தி, தில்லி விலாசம். மேஜைமேல் விரித்த பட்டுச் சேலையை ஒருத்தர் பார்த்தார், அது திருட்டுச் சேலை ஆகிவிட்டது. ஆளாளுக்கு போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். முதலில் பிள்ளையைப் பத்திரப்படுத்துங்கள் என்று ஒரு குரல் வந்தது. மூன்று பேர் சேர்ந்து ஜெயபாரதியின் விரல்களைப் பிள்ளையின் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பிரித்தார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். அந்த ஆறு கைகளில் இரண்டு என்னுடையவை.

பிள்ளையை நான் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அம்மாவை விட்டுப் பிரிக்கிற பிள்ளை ஊரைக் கூட்ட வேண்டாமா? அது முனகக்கூட இல்லை. கை மட்டும் அம்மா பக்கம் நீண்டிருந்தது.

"கத்தவே இல்ல பாரு, மயக்க மருந்து குடுத்துகிறா" என்றான் எதிர்க் கடை ராம்குமார். பை விற்கிற பையன். வயதான அம்மாள்களுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்து, பையையும் தூக்கி வைத்து அனுப்புகிற நல்ல பிள்ளை. அவன்தான் முதலில் அறைந்தான். ஜெயபாரதி சுவரில் மோதி உட்கார்ந்தாள். யாரோ தலைமுடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு எந்தக் கை யாருடையது என்று தெரியாது.

அடி விழுந்தபோது அவள் வாயிலிருந்து இந்திதான் வந்தது. பிறந்ததிலிருந்து தெருவில் அடிபட்டால் எந்தப் பாஷையில் கத்திப் பழகினாளோ அது. "மத் மாரோ! பச்சீ டர் ஜாயேகீ!" அடிக்காதீங்க, புள்ள பயந்துடும் என்று அதற்கு அர்த்தம். அந்தக் கூட்டத்தில் அர்த்தம் தெரிந்தவள் அநேகமாக நான் ஒருத்திதான். பிள்ளை பிடிக்கிறவள் பிள்ளை பயந்துவிடும் என்றா கத்துவாள்? எனக்கு உறைத்தது. ஆனால் கூட்டத்துக்குக் காதில் விழுந்தது இந்தி மட்டும்தான்.

"பாத்தியா, வடக்கத்திக்காரி! இன்னா மாதிரி தமிழ் பேசினா பாரு!"

விடுங்க, விடுங்க என்று நான் சொன்னேன். வாய்க்குள்ளேயே சொன்னேன். பயம். இப்போது அவளுக்காகப் பேசினால் என்னையும் கேட்பார்களே என்ற பயம். என் கடை வாசலில், என் தெருவில், இருபத்தைந்து வருடம் வியாபாரம் செய்த இடத்தில் எனக்குக் குரல் எழும்பவில்லை. இடுப்பில் இருந்த பிள்ளையின் நெஞ்சு என் தோளில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. என் சேலை நனைவது தெரிந்தது. பிள்ளை சிறுநீர் விட்டிருந்தது.

அம்மா வெளியே இந்தி பேசிவிட்டாள் என்பது பிள்ளைக்கு எப்படிப் பட்டதோ தெரியவில்லை. இனிமேல் சட்டம் இல்லை என்று நினைத்திருக்கலாம். என் காதுக்குப் பக்கத்தில் ஒரு அலறல் கிளம்பியது.

"டேய்! வுடுடா! எங்கம்மாடா அது! கைய எட்றா கஸ்மாலம்! பேமானி! வுடுடா எங்கம்மாவ!"

சுத்தமான சைதாப்பேட்டைத் தமிழ். ஆறு வாரம் வாயை மூடிக்கொண்டு தெருப்பிள்ளைகளோடு ஓடிய பிள்ளை, காதைத் திறந்தே வைத்திருந்திருக்கிறது. பெற்றவளுக்கே அது தெரியாது. அவளுக்குத் தெரிந்து பூஜாவின் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்கூட வந்ததில்லை. முடியைப் பிடித்திருந்தவன் கையோடு தலையைத் தூக்கி, உதட்டில் ரத்தத்தோடு, பிள்ளையையே பார்த்தாள்.

கூட்டம் ஒரு நிமிடம் அப்படியே நின்றது. பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். "இன்னா மச்சி, நம்ம ஏரியா பாப்பா மாரி கீது!" இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். முடியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அவளைப் பிழைக்க வைத்தது அந்தச் சிரிப்புதான். அங்கே இருந்த எவருடைய நல்ல புத்தியும் இல்லை, என்னுடையதும் இல்லை. பூஜா என் தோளைக் கடித்தாள். நான் இறக்கிவிட்டேன். ஓடிப்போய் அம்மாவின் மடியில் விழுந்தாள்.

பத்து நிமிடத்தில் போலீஸ் வந்தது. ஸ்டேஷனில் ஒரு பெண் கான்ஸ்டபிள் ஜெயபாரதியின் போனை வாங்கித் திறந்தாள். பிறந்த பிள்ளையோடு ஜெயபாரதி, மொட்டை போட்ட பிள்ளையோடு ஜெயபாரதி, இடிந்த வீட்டு முன்னால் பிள்ளையோடு ஜெயபாரதி, எல்லாம் அதில் இருந்தது. முனியம்மாள் பிறப்புச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு மீன் வாசனையோடு ஓடிவந்து, ஸ்டேஷன் அதிரப் பேசினாள். ஆழ்வார்பேட்டை மேடம் போனில் சேலை தன்னுடையதுதான் என்றாள். புகார் கொடுக்கிறாயா என்று கான்ஸ்டபிள் கேட்டாள். ஜெயபாரதி வேண்டாம் மேடம், வேண்டாம் மேடம் என்று கும்பிட்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவைகூட அவள் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கும் பக்கத்தில் போகத் துணிவு வரவில்லை.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நானும் ஒருகாலத்தில் கைப்பிள்ளையோடு இந்த ஊருக்கு வந்து இறங்கியவள்தான். என் ஊர்ப் பேச்சில் நான் வாயைத் திறந்தாலே எங்கள் மாடிவீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். அதையெல்லாம் மறந்து யார் பிள்ளை என்று கேட்டேன் என்றால் பொய். நன்றாக நினைவு இருந்தது. நினைவோடுதான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டைக்குப் போனேன். ஆப்பிள், பிஸ்கட், பிள்ளைக்கு ஒரு கவுன். வாசலில் முனியம்மாள் மறித்தாள்.

"இன்னாத்துக்கு வந்துகிற? இன்னும் யாராச்சும் பாக்கி கீறாங்களா அடிக்கறதுக்கு?"

"மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்."

"ஆங், கேட்டுட்டுப் போ. கேட்டா பல்லு வந்து ஒட்டிக்குமா?"

ஜெயபாரதிக்கு முன்பல் ஒன்று போயிருந்தது. உள்ளே என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டினாள், பிள்ளையைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். "நான் கேஸு எதுவும் குடுக்கல அக்கா. சத்தியமா குடுக்கல. யார் கேட்டாலும் உங்க கடை பேர சொல்ல மாட்டேன்" என்றாள். மன்னிப்புக் கேட்க வந்தவளைப் பார்த்து அவள் நடுங்கினாள். கீழே உட்கார்ந்து அழுதேன். கிழவி ஒரு டம்ளர் தண்ணீரை டங்கென்று வைத்தாள்.

"நான் உனக்கு என்ன செய்யணும், சொல்லு. எதுனாலும் செய்யுதேன்" என்றேன்.

ஜெயபாரதி பின்னால் நின்ற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "ஒரு லெட்டர் எழுதித் தர்றீங்களா அக்கா?"

"என்ன லெட்டர்?"

"பூஜா எம்புள்ளதான்னு. உங்க கடை பேர் போட்ட பேப்பர்ல. முத்திரை குத்தி."

எனக்கு முதலில் புரியவில்லை. "பிறப்புச் சர்டிபிகேட் இருக்கே உங்கிட்ட?"

"அது இந்தில இருக்குது அக்கா. அதைக் காட்டினா இன்னும் அடிப்பாங்க."

"நான் யாரு உனக்கு? நான் எழுதினா எவன் மதிப்பான்?"

"நீங்கதான மொதல்ல கேட்டீங்க, யார் புள்ளன்னு. உங்கள மாதிரி ஆளுங்க கேட்டா, உங்கள மாதிரி ஆளே எழுதினது இருந்தா நம்புவாங்க." அவள் கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தவள் போலச் சொன்னாள்.

மறுநாள் கடை லெட்டர்பேடில் எழுதினேன். ஜெயபாரதி என்கிற இந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். இவளுடன் இருக்கும் பூஜா இவள் பெற்ற பிள்ளை. தில்லியில் வளர்ந்ததால் இருவரும் இந்தி பேசுவார்கள். சந்தேகம் இருந்தால் கை வைப்பதற்கு முன்னால் கீழே உள்ள எண்ணில் என்னிடம் பேசவும். கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பு குத்தி, என் செல்போன் எண்ணைப் பெரிதாக எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாதே, வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். இன்னொரு தரம் என்றாள். "பெற்ற பிள்ளை" என்ற இடம் எது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லி, அந்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டாள். பிறகு ஜெராக்ஸ் கடையில் இரண்டு பிரதி எடுத்து லேமினேட் செய்து, ஒன்றைத் தன் பைக்குள்ளும் ஒன்றைப் பிள்ளையின் கழுத்துக் கயிற்றிலும் மாட்டினாள்.

இப்போது பூஜா சைதாப்பேட்டை மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அவள் வாய்க்குப் பயந்து டீச்சரே ஒதுங்குகிறாராம். ஜெயபாரதிக்குப் பயம் போகவில்லை. வீட்டுக்குள் பிள்ளையோடு இந்தியில் பேசும்போது கதவைச் சாத்திக்கொள்கிறாள், யாராவது உற்றுப் பார்த்தால் கேட்கும் முன்பே அட்டையை எடுத்து நீட்டுகிறாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவதில்லை, இறங்கி ஓட வசதியாகப் படிக்கட்டுப் பக்கமே நிற்கிறாள்.

அந்த எண்ணுக்கு இதுவரை மூன்று அழைப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று அடையாறு டெப்போவில் ஒரு கண்டக்டர். இன்னொன்று மயிலாப்பூரில் தேர்த் திருவிழாக் கூட்டத்திலிருந்து, பேசியவர் பெயர் சொல்லவில்லை, பின்னால் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. தெரியாத எண் ஒளிர்ந்தாலே கையில் இருக்கும் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து எடுக்கிறேன். வாடிக்கைக்காரர்கள் வாயைப் பிளந்து பார்க்க, "அவ பெத்த பிள்ளதான், கைய எடுங்க, அவ பெத்த பிள்ளதான்" என்று கடையில் நின்று கத்துகிறேன். மூன்றாவது தடவை பேசியது ஒரு பெண். நான் கத்தி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோவிச்சுக்காதீங்கம்மா, கொழந்தைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னுதான் கேட்டேன்" என்றாள். நானும் அன்றைக்கு அதற்காகத்தான் கேட்டேன்.